இதயத்தின் எரிபொருளைக் கண்டவர்

ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாயில் நீல நிறம் மெல்லப் படர்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் சில நிமிடங்கள், உயிர் வேதியியல் பயிலும் நமக்கெல்லாம் பழகிப்போனவை. கரைசலில் மாலிப்டேட்டை ஊற்றுகிறோம். அடுத்து ஒடுக்கும் மருந்து சில துளிகள். பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நீலம். அந்த நீலத்தை அளந்து குறிப்பேட்டில் எழுதும்போது மேலே தலைப்பாக 'ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை' என்று எழுதி அடிக்கோடு இடுகிறோம். இந்தத் திருவேங்கடவன் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் ஆண்டில் நானும் பலமுறை அப்படி எழுதியிருக்கிறேன். எழுதிய ஒரு நாளாவது இந்தச் சுப்பாராவ் யார் என்று கேட்டேனா என்றால் இல்லை. திருப்பதியில் கல்லெறிந்தால் ஒரு சுப்பாராவ் மீது விழும். யாரோ ஒரு பேராசிரியர் செய்முறைப் புத்தகத்தை அச்சிட்டபோது தம் பெயரையும் சேர்த்துக்கொண்டார் போலும் என்றே நினைத்திருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சென்ற ஆண்டு அந்த அறியாமை நீங்கியது. அதற்குக் காரணம் என் தந்தையாரின் நோய். வீட்டுக் கதையைச் சங்க மலரில் இழுக்கிறாளே என்று நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அந்தக் கதை இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையும் இல்லை.

எங்களுக்குச் சொந்த ஊர் குடியாத்தத்துப் பக்கம். எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது பிழைப்புத் தேடிச் சித்தூருக்கு வந்தோம். அப்பா ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் பாய்லர் பார்க்கும் தொழிலாளி. சென்ற மாம்பழப் பருவத்தில், ஆனி மாதத்தில், வேலை நடுவே மூச்சு வாங்கிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். கால் வீங்கியிருந்தது. இரவில் படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருவார். திருப்பதிக்கு அழைத்து வந்து பரிசோதித்ததில், இதயத்தின் தசை தளர்ந்து விரிந்துவிட்டது என்றார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இடக் கீழறை தன்னிடம் உள்ள இரத்தத்தில் பாதிக்குமேல் வெளியே தள்ள வேண்டும். அப்பாவின் இதயமோ நூற்றுக்கு 30 பங்குதான் தள்ளியது. இதயச் செயலிழப்பு என்பது இதுவே. இதயம் நின்றுபோவதன்று, நிற்காமலே தோற்றுக்கொண்டிருப்பது.

அந்த நோயைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய இரவில்தான் சுப்பாராவை மீண்டும் சந்தித்தேன். இம்முறை செய்முறைப் புத்தகத்தில் அல்ல.

எல்லாப்ரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் மேலைக் கோதாவரிப் பகுதியிலுள்ள பீமவரத்தில் பிறந்தார். தந்தை ஜகந்நாதம், தாய் வெங்கம்மா. அந்நாளில் பீமவரமும் சென்னையும் சித்தூரும் ஒரே சென்னை மாகாணம். நம் சித்தூர் அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது என்பதை இங்குள்ள பலர் அறியமாட்டார்கள். 1911இல்தான் தனி மாவட்டம் ஆயிற்று. சுப்பாராவ் எங்கள் தெலுங்கர் என்று என் விடுதித் தோழியர் பெருமை கொள்ளும்போது, சென்னையில் படித்தவரல்லவா என்று நானும் கொஞ்சம் பங்கு கேட்பதுண்டு.

வீட்டில் வறுமை. நோயால் வேலையை விட்டுவிட்ட தந்தை, நிறையப் பிள்ளைகள். பையனுக்குப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. பதின்மூன்று வயது அளவில் காசிக்கு ஓடிப்போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று கிளம்பிவிட்டாராம். தாயார் பிடித்து இழுத்து வந்து மீண்டும் பள்ளியில் உட்கார வைத்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோல்வி. மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித்தான் தேறினார். படிப்புச் செலவுக்காக வெங்கம்மா தம் தாலிப் பொன்னையே விற்றார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தைச் சற்று மூடி வைத்தேன். ஏன் என்பது பின்னால் விளங்கும்.

மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தார். துறவியாக வேண்டும் என்ற ஆசையில் இராமகிருஷ்ண மடத்தை நாடியபோது, முதலில் மருத்துவம் படி என்று அங்கிருந்த பெரியோர்கள் திருப்பி அனுப்பினார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி அவர்களும் பொருளுதவி செய்தார்கள். அது காந்தியடிகளின் காலம். சுப்பாராவ் அறுவைக் கூடத்துக்குக் கதர் அங்கி அணிந்து போனார். அறுவை மருத்துவப் பேராசிரியர் பிராட்ஃபீல்டு என்ற ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை. தேர்வுத் தாள்களை நன்றாகவே எழுதியிருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. ஒரு முழத் துணிக்கு ஒரு பட்டத்தை விலையாகக் கொடுத்தவர் அவர்.

அந்தக் குடும்பத்தை வாட்டிய வேறொரு துயரமே அவர் வாழ்க்கையின் போக்கைத் தீர்மானித்தது எனலாம். அவருடன் பிறந்தோர் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். ஸ்ப்ரூ என்ற கழிச்சல் நோய். நம் பாட்டிமார் கிராணி என்பார்களே, அந்த இனத்தைச் சேர்ந்தது. உண்பது உடலில் ஒட்டாது, இரத்தம் வெளுக்கும், ஆள் உருகிப் போவான். மருத்துவம் படித்தவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டியதாயிற்று. சுப்பாராவுக்கும் அதே நோய் வந்தது. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேத மருந்தில் பிழைத்தார். பின்பு சென்னையில் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூற்று ஆசிரியராகச் சேர்ந்தார். ஆயினும் இந்த நோய்கள் ஏன் வருகின்றன என்ற கேள்வி அவரை அங்கே தங்கவிடவில்லை.

1920களின் தொடக்கத்தில், மாமனாரின் பொருளையும் காக்கிநாடாவில் உள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையின் உதவியையும் நம்பி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். 1919இல் மணந்த மனைவி சேஷகிரியைச் சில ஆண்டுகளில் திரும்புவதாகச் சொல்லி விட்டுச் சென்றார். போனபின் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தைப் பருவத்திலேயே இறந்தும் போயிற்று. தந்தை அதன் முகத்தைக் கண்டதில்லை. அவர் திரும்பவும் இல்லை.

பாஸ்டன் நகரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்ப மண்டல மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. பகலில் படிப்பு; இரவில் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலத் தட்டுகளைச் சுத்தம் செய்யும் வேலை. மருத்துவர் பட்டம் பெற்றவர் மலத்தட்டு கழுவினார். பிரிகாம் என்ற இந்தப் பெயரை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் பிற்பகுதியில் அது மறுபடி வருகிறது.

பட்டயம் பெற்றபின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சைரஸ் ஃபிஸ்கே என்பவரிடம் உயிர் வேதியியல் ஆராய்ச்சியில் சேர்ந்தார். 1925இல் இருவரும் வெளியிட்டதுதான் நம் நீலக் குழாய்ச் செய்முறை. இரத்தத்திலும் சிறுநீரிலும் தசையிலும் உள்ள பாஸ்பரஸை எளிதாகவும் விரைவாகவும் அளக்க அது வழி செய்தது. ஒரு நூற்றாண்டு கடந்தும் அதைப் பயன்படுத்துகிறோம் என்றால் அதன் செம்மையை என்னென்பது!

ஆனால் அந்த முறை அவர்களுக்கே ஒரு புதிரைக் காட்டியது. தசைச் சாற்றில் சோதித்தபோது நீலம் வர வேண்டிய வேகத்தில் வரவில்லை. தயங்கித் தயங்கி ஏறியது. நாமாக இருந்தால் மருந்து பழசு என்று கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கியிருப்போம். சுப்பாராவ் அந்தத் தயக்கத்தையே பிடித்துக்கொண்டார். தசையில் உள்ள பாஸ்பரஸில் ஒரு பகுதி வேறொன்றுடன் பிணைந்திருக்கிறது. அமிலத்தில் அந்தப் பிணைப்பு சிறிது சிறிதாக அறுவதால்தான் நிறம் தாமதிக்கிறது என்று கண்டார்கள். அந்தப் பொருள் பாஸ்போகிரியாட்டின். ஆண்டு 1927. அதே ஆண்டில் இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியரும் அதன் சுவட்டைக் கண்டிருந்தார்கள். தசையின் உழைப்புக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று கூறிய கொள்கைக்கு 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசே கிடைத்திருந்தது. இந்தக் கண்டுபிடிப்பால் அது ஆட்டம் கண்டது. 1929இல் அதனினும் பெரியதொன்று கிடைத்தது: அடினோசின் டிரை பாஸ்பேட், அதாவது நாம் ஏ.டி.பி. என்று சுருக்கிச் சொல்லும் பொருள். ஜெர்மனியில் லோமன் என்பவரும் அவ்வாண்டே தனியாகக் கண்டு சில திங்கள் முன்பாக வெளியிட்டுவிட்டார். முந்தியவர் யார் என்ற வழக்கு நமக்கு வேண்டாம். எறும்பு முதல் யானை வரை எல்லா உயிரும் செலவழிக்கும் நாணயம் அது.

இதை நான் அப்பாவுக்கு விளக்க முயன்ற ஓர் இரவு உண்டு. விடுமுறைக்குச் சித்தூர் போயிருந்தேன். தலையணை மூன்றை அடுக்கிச் சாய்ந்திருந்தார். இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அதற்கு ஒரு நாளில் ஆக்கி அழிக்கும் ஏ.டி.பி. சுமார் 6 கிலோ. ஆனால் கையிருப்பில் உள்ளதோ சில துடிப்புகளுக்கு மட்டுமே போதும் என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவர் மொழியில் சொன்னேன். கொழுப்பும் சர்க்கரையும் ஆலைக் கொட்டகையில் அடுக்கிய விறகு, ஏ.டி.பி. குழாயில் ஓடும் நீராவி. பாஸ்போகிரியாட்டின், நீராவி குறைந்தால் உடனே ஈடு செய்யப் பக்கத்தில் நிறுத்தியிருக்கும் சேமிப்புத் தொட்டி. தளர்ந்த இதயத்தில் முதலில் தொட்டி காலியாகிறது, ஏ.டி.பி. குறைவது பின்னால். உடனே அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, அப்படியென்றால் முள் இறங்குவதற்கு முன்பே பாய்லர் கெட்டுவிட்டது என்று ஆகிறதே என்றார். பல்கலைக்கழகத்தில் எனக்கு இரண்டு ஆண்டு பிடித்தது, அவருக்கு ஒரு நிமிடம். 1997இல் வெளிவந்த ஜெர்மானிய ஆராய்ச்சி ஒன்று இதையே அளந்து காட்டியது. உடலைக் கீறாமல் காந்த அதிர்வு முறையால் இதயத்தில் இந்த இரண்டு பொருள்களின் விகிதத்தை அளந்தார்கள். விகிதம் தாழ்ந்தவர்களே முன்னதாக இறந்தார்கள். சுப்பாராவ் கண்ட இரு பொருள்களின் விகிதம், ஒரு மனிதனின் ஆயுளைச் சொல்லும் குறியாயிற்று.

இனி ஹார்வர்டில் அவர் பட்ட பாட்டை விரைவாகச் சொல்லிக் கடக்கிறேன். 1930இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதன்பின் பத்தாண்டு உழைத்தும் நிரந்தரப் பதவி தரவில்லை. அவர் பிரித்தெடுத்த பல பொருள்கள் வெளியிடப்படாமலே கிடந்தன. பிறர் பல ஆண்டு கழித்து மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. இதற்கு ஃபிஸ்கேயின் பொறாமையே காரணம் என்று, அந்நாளில் அங்கே மாணவராக இருந்து 1988இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பின்னர் சொன்னார். சுப்பாராவ் சண்டைக்குப் போனவரல்லர். தம் பெயரை முன்னே வைக்கத் தெரியாதவர். இது குணமா குறையா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. குறை என்றே சில நாட்களில் தோன்றுகிறது.

1940இல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரிலுள்ள லெடர்லி மருந்து ஆராய்ச்சிச் சாலைக்குப் போனார். விரைவில் ஆராய்ச்சித் தலைவரானார். அங்கிருந்த எட்டு ஆண்டுகளில் நடந்தவற்றை எண்ணினால் மலைப்பாக இருக்கிறது. யானைக்கால் நோய்க்கு ஹெட்ரசான் கிடைத்தது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து விழுங்கச் சொன்ன டி.இ.சி. மாத்திரை அதுவே. டக்கர் என்ற முதிய தாவரவியலார் அவருடைய மேற்பார்வையில் மண்ணிலிருந்து எடுத்த ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து. 1994இல் சூரத்தில் பிளேக் என்ற செய்தி பரவியபோது நாடெங்கும் கடை கடையாகத் தேடப்பட்டது அந்தக் குடும்பத்து மருந்துதான்.

ஆனால் அவர் நெஞ்சில் இருந்தது உடன்பிறந்தாரைக் கொன்ற நோய். 1931இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர், பம்பாயில் கருவுற்ற ஆலைத் தொழிலாளப் பெண்களின் இரத்தச் சோகை ஈஸ்ட்டுச் சாற்றினால் குணமாவதைக் கண்டிருந்தார். அந்தச் சாற்றில் மறைந்திருந்தது ஃபோலிக் அமிலம். 1945இல் லெடர்லி குழுவினர் அதைச் செயற்கையாகவே ஆக்கினார்கள். ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தபோது எழுந்து நடமாடினார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் தாமதித்து வந்த மருந்து. பீமவரத்து வீட்டுக்கு உதவாத மருந்து. இன்று கருவுற்ற பெண்ணுக்கு இரும்புச் சத்தோடு கொடுக்கும் மாத்திரையில் அது இருக்கிறது.

அதன்பின் அதே ஆராய்ச்சிச் சாலை, ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து அதன் வேலையைக் கெடுக்கும் போலிப் பொருள்களை ஆக்கியது. பூட்டில் நுழையும், ஆனால் திரும்பாத சாவி. செல் பெருக வேண்டுமானால் புதிய மரபுப் பொருள் வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். போலிச் சாவி பூட்டை அடைத்துக்கொண்டால் வேகமாகப் பெருகும் செல்களே முதலில் பட்டினி கிடக்கும். பாஸ்டனில் குழந்தை மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயால் சாகக் கிடந்த 16 குழந்தைகளுக்கு இவ்வகையில் ஒன்றான அமினாப்டெரினைக் கொடுத்தார். 10 குழந்தைகள் தேறினார்கள். சில காலத்துக்குத்தான், ஆயினும் அதுவரை எந்த மருந்தும் அதைச் செய்ததில்லை. 1948 சூன் மாதம் அச்செய்தி வெளியாயிற்று. அதன் தம்பி மருந்துதான் மெத்தோட்ரெக்ஸேட். இவற்றைக் கையால் ஆக்கியவர்கள் சீகரும் உடனிருந்த வேதியியலாரும். எதை ஆக்க வேண்டும் என்று வழிகாட்டியவர் சுப்பாராவ்.

இரண்டு மாதம் கழித்து, 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்து கிடந்தார். வயது 53. மாரடைப்பு. இதயத்தின் எரிபொருளைக் கண்டவரை இதயமே கைவிட்டது என்று எழுதினால் அலங்காரமாகப் படும். ஆனால் நடந்தது அதுதான். அமெரிக்கக் குடியுரிமையையும் அவர் பெறவில்லை. 1995இல், நூற்றாண்டின்போது, இந்திய அஞ்சல் துறை ஒரு தலை வெளியிட்டது.

மெத்தோட்ரெக்ஸேட்டின் கதை அதோடு முடியவில்லை. நோய்க்கு எதிராக நம்மைக் காக்கும் வெள்ளணுக்களும் வேகமாகப் பெருகுபவையே. அவை தடம் மாறி நம் உடலையே தாக்கும்போது, இதே மருந்தைச் சிறிய அளவில் கொடுத்தால் அடங்குகின்றன. சிறிய அளவில் அது வேலை செய்யும் வழியே வேறு. அடினோசின் என்ற பொருளை வெளிவிடச் செய்து அழற்சியைத் தணிக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். ஏ.டி.பி.யின் முதல் எழுத்தில் இருப்பதும் அதே அடினோசின்தான். குடியாத்தத்தில் என் அத்தை ஒருவர் முடக்குவாதத்துக்காக வாரத்துக்கு ஒரு முறை இம்மாத்திரையை விழுங்குகிறார். வாரத்துக்கு ஒரு முறை என்பதை நாள்தோறும் என்று மாற்றிப் புரிந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் யாராவது உண்பவராக இருந்தால் நண்பர்கள் சீட்டை ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும்.

இங்கேதான் மூலச் செல் என்ற சொல் என் வீட்டு வாசலுக்கு வந்தது. சென்ற ஆவணியில் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு தரகர் வந்தார். தூரத்து நகரம் ஒன்றில் ஒரு மருத்துவ நிலையமாம். இடுப்பெலும்பிலிருந்து மூலச் செல்லை எடுத்து ஊசியாகப் போட்டால் இதயம் புதிதாக வளர்ந்துவிடுமாம். உடலின் எதிர்ப்புச் சக்தி கெட்டுத்தான் இதயம் பழுதாயிற்று, அதையும் இது சரி செய்யும் என்றார். நான்கு லட்சம் ரூபாய். அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. தாலிக்கொடி பெட்டியில் துணியில் சுற்றி இருந்தது. வெங்கம்மாவைப் பற்றிப் படித்தபோது புத்தகத்தை மூடினேன் என்றேனே, அதற்குக் காரணம் இதுதான்.

தரகர் சொன்னதில் பாதி மெய். அதுதான் என்னைக் கலங்க வைத்தது. தளர்ந்த இதயத்தில் எதிர்ப்பு மண்டலமும் நிலை குலைகிறது என்பது 1990 முதலே அறிந்த செய்தி. அழற்சியைத் தூண்டும் புரதங்கள் இரத்தத்தில் ஏறியிருக்கும். அப்படியானால் அழற்சியை அடக்கினால் இதயம் தேறுமே என்று எண்ணுவது இயல்பு. எண்ணினார்கள்; முயன்றார்கள். டி.என்.எஃப். என்ற புரதத்தை அடக்கும் மருந்துகள் 2003, 2004ஆம் ஆண்டுச் சோதனைகளில் பயன் தரவில்லை. ஒன்று மிகுதியாகக் கொடுத்தபோது தீங்கே செய்தது. சுப்பாராவின் மெத்தோட்ரெக்ஸேட்டையும் விட்டுவைக்கவில்லை. இதய இரத்தக் குழாய் நோயுள்ள 4,786 பேரிடம் நடத்திய சோதனை 2018இல் முடிந்தது, மாரடைப்பு குறையவில்லை.

மூலச் செல்லின் கதையோ இன்னும் கசப்பானது. இதயத்தில் தானே மூலச் செல் இருக்கிறது, அதைப் பெருக்கிச் செலுத்தினால் புதுத் தசை முளைக்கும் என்று ஆய்வுரைகள் வந்து குவிந்தன. உலகமே நம்பியது. 2018இல், அந்தக் கூற்றுக்களை எழுப்பிய ஓர் ஆய்வுக்கூடத்தின் 31 ஆய்வுரைகளில் பொய்யான அல்லது திரித்த தகவல்கள் உள்ளன, அவற்றைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியும் அந்த ஆய்வுக்கூடம் இயங்கிய மருத்துவமனையும் அறிவித்தன. அந்த மருத்துவமனை எது தெரியுமா? பிரிகாம். சுப்பாராவ் இரவில் மலத்தட்டு கழுவிய பிரிகாமின் வழிவந்த மருத்துவமனை. தயங்கி வந்த ஒரு நீலத்தைக்கூடப் பொய்யாக்க மனம் வராதவர் நடந்த தாழ்வாரங்கள் அவை.

அப்படியானால் செல்லைச் செலுத்திய சில எலிகள் மெய்யாகவே சற்றுத் தேறினவே, எப்படி? 2019 இறுதியில் சின்சின்னாட்டி ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள். உயிருள்ள செல்லைச் செலுத்தினாலும் செத்த செல்லைச் செலுத்தினாலும் பலன் ஒன்றே. ஊசி ஏற்படுத்திய புண்ணுக்கு எதிர்ப்பு மண்டலத்தின் விழுங்கணுக்கள் ஓடி வந்து தழும்பைச் செப்பனிட்டன, தேற்றம் அதனால்தான். மூலச் செல் தசையாக முளைக்கவில்லை. 2023இல் வெளியான பெரிய சோதனை ஒன்றில், இதயச் செயலிழப்புள்ள 537 பேரை ஆராய்ந்தார்கள். மற்றவர் எலும்பு மச்சையிலிருந்து வளர்த்த செல்களைச் சிலருக்கு இதயத் தசையிலேயே செலுத்தினார்கள். சிலருக்கு ஊசி போட்டதுபோல் நடித்ததோடு சரி. நோய் முற்றி மருத்துவமனைக்குத் திரும்புவது குறைகிறதா என்பதே முதன்மைக் கேள்வி, குறையவில்லை. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்தன. அதிலும் அழற்சி மிகுந்தவர்களிடம் அதிகமாகக் குறைந்தன. கதவு முழுக்க மூடவில்லை. ஒரு சந்து திறந்திருக்கிறது. சந்தைக் காட்டி அரண்மனையை விற்கிறார் தரகர்.

மூலச் செல் மருத்துவமே பொய் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். சித்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் எலும்பு மச்சை மாற்றம் செய்துவருகிறார்கள். அது மெய்யான மூலச் செல் மருத்துவம்; இரத்த நோய்களுக்கு. அங்கும் ஓர் இடையூறு உண்டு: பிறர் தந்த மச்சையிலிருந்து பிறக்கும் எதிர்ப்பணுக்கள் நோயாளியின் தோலையும் குடலையும் அயலாக எண்ணித் தாக்கும். அதைத் தடுக்க மாற்றம் செய்த 1, 3, 6, 11ஆம் நாட்களில் சிறிய அளவில் கொடுப்பது உலகெங்கும் நிலைத்த வழக்கம். எதைக் கொடுப்பது? மெத்தோட்ரெக்ஸேட். மூலச் செல்லுக்குக் காவல் நிற்பதும் பேர்ல் ரிவர் மருந்துதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறையைத் தேடிப் படித்தேன். இரத்தம் சார்ந்த குறிப்பிட்ட நோய்களுக்கு மட்டுமே மூலச் செல்லைச் சிகிச்சையாகக் கொடுக்கலாம்; இதயம் உட்பட மற்றெல்லாம் ஆராய்ச்சி; ஆராய்ச்சிக்கு உட்படுபவரிடம் பணம் வாங்கக் கூடாது. இதை எழுதி எடுத்துக்கொண்டு மாலைப் பேருந்தில் ஏறினேன். சந்திரகிரிக் கோட்டை பின்னால் போயிற்று. பூதலப்பட்டு வந்தபோது இருட்டிவிட்டது. என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்றே வழியெல்லாம் யோசித்தேன். நம்பிக்கையைப் பறிக்கப் போகும் மகள் நான். அறிவியல் படிக்க வைத்ததற்கு இதுதானா பலன் என்று அம்மா கேட்டுவிட்டால்?

அம்மா கேட்கவில்லை. நான் சொன்னதை எல்லாம் அப்பா கேட்டுக்கொண்டார். விழுங்கணுக்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பணம் வாங்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது என்ற இடத்தில் மட்டும் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஆலையில் பாய்லரைச் சோதிக்க வரும் அரசு அதிகாரி காசு கேட்டால் அவர் அதிகாரியே அல்லர் என்று அவருக்குத் தெரியும். தரகரை வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். அம்மா எழுந்து உள்ளே போனார். வெளியே வந்தபோது கொடி கழுத்தில் இருந்தது.

நான்கு வகை மாத்திரைகள், உப்பைக் குறைத்தல், காலையில் எடை பார்த்துச் சுவரில் எழுதுதல். தை மாதப் பரிசோதனையில் 30 என்பது 38 ஆயிற்று. பாய்லர் வேலை இனி இல்லை. ஆலையில் வாயில் காவலுக்கு மாற்றிக்கொடுத்திருக்கிறார்கள்.

அன்றிரவு சுப்பாராவின் கதையை முழுதுமாகச் சொன்னேன். வாழைப்பழம் விற்க ஓடியதைக் கேட்டுச் சிரித்தார். மலத்தட்டு கழுவியதைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. பாய்லர் கெட்டது அவருக்கு முன்பே தெரிந்திருக்காதா என்று கேட்டார். தெரிந்திருக்காது என்றேன். அந்த அம்மாள் எத்தனை வருடம் காத்திருந்தாள் என்று கேட்டது அம்மா. இருபத்தைந்து ஆண்டு இருக்கும் என்றேன். அப்பா சற்று நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாப்பா, நாளைக் காலை மாத்திரையை இப்போதே எண்ணி வைத்துவிடு என்றார்.